பெருநகரில் முதல் மாதம்

நுழையும்முன்

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் செல்வது தமிழர்க்குப் புதிதன்று. இந்தியாவின் பெருநகரங்களில் இன்று தமிழ் பயிலும் மாணவர் பலருடைய தாத்தாவோ, தந்தையோ, தாயோ ஒரு நாள் கையில் ஒரு பெட்டியுடன் அந்நகரின் தொடர்வண்டி நிலையத்தில் தனியே வந்து இறங்கியவர்களே. தெரியாத மொழி, எட்டாத வாடகை, எண்ணி எடுத்து வந்த பணம் ஆகியவற்றோடு அவர்கள் முதல் மாதத்தை எவ்வாறு கடந்தார்கள்? மும்பை நகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் அதனை விளக்குகிறது. இதில் வரும் பெண்ணும் அவளுடன் பேசுவோரும் கற்பனை மாந்தர். அவளது கணக்கில் வரும் தொகைகள் கணக்கிட்டுப் பழகுவதற்காகக் கொண்டவை. அவள் சென்ற நகரமும் அதன் வரலாறும் உண்மையானவை.

1. புறப்பாடு

கோவில்பட்டியில் தீப்பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் தாய்க்கு ஒரே மகள் அவள். வணிகவியல் பட்டம் பெற்றவள். மும்பையில் லோயர் பரேல் பகுதியிலுள்ள ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்தது. பிடித்தம் போக மாதச் சம்பளம் 26,000 ரூபாய். செய்தி வந்த நாளில் வீட்டில் மகிழ்ச்சி நிறைந்தது. மறுநாள் கவலை வந்தது. முதல் சம்பளம் கைக்கு வரும்வரை அந்நகரில் இருக்கவும் உண்ணவும் பணம் வேண்டுமே!

தாய் தம்மிடமிருந்த ஒரே நகையான கழுத்துச் சங்கிலியைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் ஈடு வைத்து 40,000 ரூபாய் நகைக்கடன் பெற்றார். மகளின் சேமிப்பும் அதனோடு சேர்ந்தது. பயணச்சீட்டு எடுத்த பின் கையில் மிஞ்சியது 42,000 ரூபாய்.

"இந்தச் சங்கிலி உன் பாட்டி எனக்குப் போட்டது. ஒரு வருடத்திற்குள் மீட்டுவிட வேண்டும், கண்ணு" என்றார் தாய்.

"மீட்டுவிடலாம், அம்மா" என்றாள் மகள். எவ்வாறு மீட்பது என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

ஒன்றரை நாள் பயணத்திற்குப் பின் அவள் தாதர் நிலையத்தில் இறங்கினாள். அன்று ஜனவரி மாதத்தின் கடைசி நாள். மறுநாள் வேலையில் சேர வேண்டும். பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில், எட்டுப் பேர் படுக்கும் கூடத்தில், ஒரு நாளுக்கு 450 ரூபாய் வீதம் ஏழு நாள்களுக்கு ஒரு கட்டில் எடுத்துக்கொண்டாள். அந்த ஏழு நாள்களுக்குள் அவள் நிலையான இடம் ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

2. இடம் ஏன் இத்தனை அரிது?

மும்பையில் வாடகை மிகுந்திருப்பதற்கு முதற்காரணம் அதன் நில அமைப்பு. கொலாபா, சிறுகொலாபா, பம்பாய், மசகான், பரேல், வொர்லி, மாகிம் என்னும் ஏழு தீவுகளாக இருந்த நிலப்பகுதி, இடையிலிருந்த கடல்நீர் தூர்க்கப்பட்டுச் சிறிது சிறிதாக ஒரே நிலமாக்கப்பட்டது. சுற்றிலும் நீர் சூழ்ந்த இந்நகரம் வடக்கு நோக்கி மட்டுமே நீள முடிந்தது. இடம் குறுகியது, வருவோர் தொகையோ பெருகியது.

இரண்டாம் காரணம் தொழில். 1854ஆம் ஆண்டில் கவாஸ்ஜி நானாபாய் தாவர் என்பவர் இங்கு முதல் பருத்தி நெசவாலையை நிறுவும் முயற்சியைத் தொடங்கினார். அதன்பின் பரேல், வொர்லி முதலிய பகுதிகளில் ஆலைகள் நிறைந்தன. கொங்கணக் கடற்கரையிலிருந்தும் தக்காணத்திலிருந்தும் தொழிலாளர்கள் தனியே வந்து சேர்ந்தனர். அவர்களுக்காகக் கட்டப்பட்ட வரிசை அறைகளுக்குச் 'சால்' என்று பெயர். ஒரு குடும்பத்திற்கு ஓர் அறை. ஒரு தளத்தினர் அனைவருக்கும் பொதுவான கழிப்பறை. தனியாக வந்த ஆண்கள் ஓர் அறைக்குப் பலராகச் சேர்ந்து வாடகையைப் பங்கிட்டுக்கொண்டனர். பகல் முறை வேலைக்குச் சென்றவர் எழுந்த இடத்தில், இரவு முறை வேலை முடித்து வந்தவர் படுத்துறங்குவார். ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள் பொதுவாக ஓர் அறையை எடுத்து, ஊரிலிருந்து புதிதாக வருபவருக்கு அதில் இடம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

மூன்றாம் காரணம் சட்டத்தோடு தொடர்புடையது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகை உயர்வைத் தடுத்தது. அன்று குடியிருந்த எளியோர்க்கு அது பெரும் பாதுகாப்பு ஆயிற்று. ஆனால், குறைந்த வாடகைக்குப் புதிய வீடு கட்டிவிட உரிமையாளர்கள் முன்வரவில்லை. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் தயங்கினர். பெருந்தொகை ஒன்றை முதலில் கொடுத்துக் குடியேறும் 'பகடி' முறை பரவியது. உள்ளே இருந்தவர்க்கு அரணாக அமைந்த சட்டம், புதிதாக வருபவர்க்குச் சுவராகவும் அமைந்தது.

1982ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய ஆலைத் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்நிலங்களில் இன்று அலுவலகங்களும் வணிக வளாகங்களும் உயர்ந்து நிற்கின்றன. ஒரு காலத்தில் தொழிலாளி ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார். இன்று அதே நிலத்தில் வேலை செய்யும் எளிய ஊழியர் பலர் நெடுந்தொலைவிலிருந்து வந்து போகின்றனர்.

3. தமிழர் தடம்

மும்பையில் தமிழர் வாழ்வுக்கு நீண்ட வரலாறு உண்டு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து சென்றவர்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டனர். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் அவர்கள் அமைத்த குடியிருப்புகள், பின்னர் வந்தோர்க்கும் புகலிடமாயின. அலுவலகப் பணிக்கு வந்தவர்கள் பலர் மாதுங்காவில் குடியேறினர். 1896ஆம் ஆண்டில் பரவிய கொள்ளைநோய்க்குப் பின் 1898இல் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு அறக்கட்டளை திட்டமிட்டு உருவாக்கிய பகுதிகளுள் மாதுங்காவும் ஒன்று. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. தனியாக வந்த இளைஞர்களுக்கு வீட்டுச் சாப்பாடு போன்ற உணவை அளவான விலையில் அளித்த உணவு விடுதிகளும் அங்கே எழுந்தன. மாதுங்காத் தொடர்வண்டி நிலையத்தை ஒட்டி 1942இல் தொடங்கப்பட்ட ராம நாயக் அவர்களின் உடுப்பி உணவு விடுதி அவ்வகையில் புகழ்பெற்றது.

முன்னே வந்தவர் பின்னே வருபவருக்கு இடம் காட்டுவதும், வேலை சொல்வதும், முதல் மாதச் சாப்பாட்டுக்கு வழி செய்வதுமே இத்தகைய குடியேற்றங்களை நிலைநிறுத்தின. கோவில்பட்டிப் பெண்ணுக்கும் அத்தகைய ஒருவர் வாய்த்தார். தாராவியில் பிறந்து வளர்ந்து, அதே அலுவலகத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றும் முதியவர் அவர். அனைவரும் அவரை 'அண்ணாச்சி' என்றே அழைத்தனர்.

4. காணாத வீடு

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் அவளது கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. தாதரில், காற்றோட்டமான தனியறை. வாடகை 8,000 ரூபாய் மட்டுமே. "இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள். இப்போதே 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால் அறை உங்களுக்கு உறுதி" என்றார் தரகர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர். விடுதியில் இன்னும் நான்கு நாள்களே மீதம் இருந்தன. அவள் பணம் அனுப்பும் செயலியைத் திறந்தாள்.

எதிரில் அமர்ந்திருந்த அண்ணாச்சி அவள் முகத்தைக் கவனித்தார்.

"என்னம்மா, யாருக்குப் பணம் அனுப்புகிறாய்?"

"அறைக்கு முன்பணம், அண்ணாச்சி. தாதரில் கிடைத்திருக்கிறது."

"அறையைக் கண்ணால் பார்த்தாயா?"

"படம் பார்த்தேன். சாவி நாளைக்குத்தான் கிடைக்குமாம்."

"அப்படியானால் பணமும் நாளைக்குக் கொடுக்கலாம். நாளை மாலை நானும் வருகிறேன், நேரில் பார்க்க வேண்டும் என்று எழுது."

அவள் அவ்வாறே எழுதினாள். சிறிது நேரத்தில் அந்த எண்ணிலிருந்து அழைப்பும் இல்லை, மறுமொழியும் இல்லை, படமும் நீக்கப்பட்டிருந்தது. 5,000 ரூபாய் போயிருந்தால் அது தாயின் சங்கிலியில் எட்டில் ஒரு பங்கு போனதற்குச் சமம் என்பதை அவள் அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். அவள் கை நடுங்கியது.

"இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அம்மா. அவசரத்தில் இருப்பவரைத் தேடித்தான் அவர்கள் வருவார்கள். காணாத வீட்டுக்குக் காசு கொடுக்கக் கூடாது. கொடுத்த காசுக்குச் சீட்டு வாங்காமல் வரக் கூடாது. இந்த இரண்டும் போதும்" என்றார் அண்ணாச்சி.

தெரிந்து தெளிவோம்

மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999இன்படி, வீட்டை உரிம முறையிலோ வாடகைக்கோ விடும் ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். அது பதிவு செய்யப்படுதலும் வேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டு உரிமையாளருடையது. 11 மாதங்களுக்கு ஒப்பந்தம் எழுதுவது இந்நகரில் பரவலான வழக்கம். கட்டில் வாடகைக்கு விடும் தங்குமிடங்களில் சேர்வோரும் வைப்புத்தொகைக்கு உரிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் நன்று. எத்தனை நாள் முன்னரே சொல்லிவிட்டு அறையை விட வேண்டும், வைப்புத்தொகையில் எவ்வெவற்றைக் கழிப்பர் என்பனவற்றையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

5. மூன்று ஊர்களின் கணக்கு

அன்று மாலை அண்ணாச்சியின் சொற்படி அவள் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் வரைந்தாள். இருவர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு மூன்று ஊர்களில் என்ன செலவாகும் என்று விசாரித்து எழுதினாள்.

மாதுங்கா: வாடகை 14,000, பயணம் 400, ஆக 14,400 ரூபாய். போய்வர நாளுக்கு 1 மணி நேரம்.

பாண்டுப்: வாடகை 9,000; பயணம் 600; ஆக 9,600 ரூபாய். போய்வர நாளுக்கு 2 மணி நேரம்.

டோம்பிவிலி: வாடகை 6,500, பயணம் 1,100, ஆக 7,600 ரூபாய். போய்வர நாளுக்கு மூன்றரை மணி நேரம்.

வாடகையை மட்டும் பார்த்தால் டோம்பிவிலியே சிறந்தது. ஆனால், பாண்டுப்பைவிட அங்கே மாதத்திற்கு 2,000 ரூபாய்தான் மிச்சமாகும். அதற்கு அவள் கொடுக்க வேண்டிய விலை, மாதம் 25 வேலை நாள்களில் கூடுதலாக 37 1/2 மணி நேரம். அதாவது ஒரு மணி நேரத்தை ஏறத்தாழ 53 ரூபாய்க்கு விற்பதற்கு அது நிகர். அவளது சம்பளத்தை 200 வேலை மணிகளால் வகுத்தால் ஒரு மணிக்கு 130 ரூபாய் வருகிறது. தன் நேரத்தை அதில் பாதிக்கும் குறைவான விலைக்கு விற்க அவள் விரும்பவில்லை.

மாதுங்காவோ வேறு வகை. பாண்டுப்பைவிட 4,800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் 25 மணி நேரம் மிஞ்சும். மணிக்கு 192 ரூபாய் கொடுத்து நேரத்தை வாங்குவதாக அது ஆகும். தான் ஈட்டுவதைவிட மிகுந்த விலை அது. மேலும், அங்கு இரண்டு மாத வைப்புத்தொகை 28,000 ரூபாயும் முதல் மாத வாடகை 14,000 ரூபாயும் சேர்ந்தால் 42,000 ரூபாய். கொண்டு வந்த பணம் முழுவதும் ஒரே நாளில் தீர்ந்துவிடும்.

இவ்வாறு பாண்டுப் முடிவாயிற்று. அங்கிருந்து மெதுவாகச் செல்லும் வண்டியில் ஏறினால், இடையில் மாறாமல் அலுவலகத்திற்கு அருகிலுள்ள கரி ரோடு நிலையத்தில் இறங்கலாம் என்பதும் ஒரு நன்மை. அண்ணாச்சியின் மனைவி உடன் வந்து அறையைப் பார்த்தார். தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா, தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், இரவில் நிலையத்திலிருந்து வரும் பாதையில் விளக்கு உண்டா என்பனவற்றை அவரே கேட்டறிந்தார். இரண்டு மாத வைப்புத்தொகை 18,000 ரூபாய். முதல் மாத வாடகை 9,000 ரூபாய். விடுதிக்குக் கொடுத்த 3,150 ரூபாயும் மெத்தை, வாளி, பூட்டு முதலியவற்றுக்கான 1,850 ரூபாயும் போக அவள் கையில் நின்றது சரியாக 10,000 ரூபாய்.

6. நகரின் உயிரோட்டம்

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி மும்பையின் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் நாட்டின் முதல் மின்தொடர்வண்டி விக்டோரியா முனையத்திலிருந்து குர்லாவுக்கு ஓடியது. எளியோர் தொலைவில் குடியிருந்து நகரின் நடுவில் வேலை செய்ய வழிவகுத்தவை இப்புறநகர் வண்டிகளே. நாள்தோறும் சீட்டு வாங்குவதைவிட மாதத்திற்கோ மூன்று மாதத்திற்கோ பருவச்சீட்டு எடுப்பது மிகவும் மலிவு.

பெண்களுக்கெனத் தனிப் பெட்டிகள் உண்டு. அங்கே ஒரு வழக்கத்தை அவள் கற்றுக்கொண்டாள். ஏறியதும், அமர்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்க வேண்டும். அவர் இறங்கும்போது அவ்விடம் கேட்டவருக்கு உரியதாகும். எழுதப்படாத அந்த ஒழுங்கை யாரும் மீறுவதில்லை. கீரை ஆய்பவர், பாடம் படிப்பவர், உறங்குபவர் என ஒரு வீட்டுக் கூடம் போலவே அப்பெட்டி அவளுக்குத் தோன்றியது.

7. பத்து நாள் பசி

பிப்ரவரி இறுதியில் சம்பளம் வரும் என்று அவள் எண்ணியிருந்தாள். புதிய வங்கிக் கணக்கு தொடங்கத் தாமதமானதால் மார்ச் 10ஆம் நாள்தான் வரும் என்று தெரிந்தது. அலுவலகத்திற்கேற்ற உடைக்கும் காலணிக்கும் முன்பே 2,400 ரூபாய் செலவாகியிருந்தது. பிப்ரவரி 28ஆம் நாள் இரவு எண்ணிப் பார்த்தபோது கையில் இருந்தது 1,150 ரூபாய். அதனைப் பத்தால் வகுத்தாள். நாளுக்கு 115 ரூபாய்.

அந்தப் பத்து நாள்களும் இரவில் அவள் நிலைய வாயிலில் விற்கும் ஒரு வடாபாவை மட்டும் உண்டாள். தாய் தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டபோதெல்லாம், "வயிறு நிறையச் சாப்பிட்டேன், அம்மா" என்றே சொன்னாள். மார்ச் 8ஆம் நாள் வாடகை கொடுக்க வேண்டும். தயங்கித் தயங்கி விடுதிப் பொறுப்பாளரிடம் உண்மையைச் சொல்லி மூன்று நாள் தவணை கேட்டாள். "முன்னதாகவே சொன்னாய், நல்லது" என்று அவர் இசைந்தார். கேட்பதற்கு அஞ்சியே பல நாள்கள் உறக்கம் கெட்டதை நினைத்து அவள் வருந்தினாள்.

தனியாக வாழ்பவர்க்கு உணவு தரும் பெண்கள் இந்நகரில் நெடுங்காலமாக உண்டு. ஆலைத் தொழிலாளர்களுக்கு மாதக் கட்டணத்தில் தம் சிறிய வீட்டிலேயே சமைத்துப் போட்ட பெண்களின் உணவகங்கள் 'காணாவள்' எனப்பட்டன. அப்பெண்கள் வட்டிக்கடனில் சிக்கித் தவிப்பதைக் கண்ட பிரேமா புராவ், 1975ஆம் ஆண்டில் அன்னபூர்ணா மகளிர் மண்டலத்தைத் தொடங்கி அவர்களை ஒன்றுதிரட்டினார். பாண்டுப்பிலும் அவ்வாறு மாதக் கட்டணத்திற்குச் சமைத்துத் தரும் ஒரு 'மாவ்ஷி'யைச் சம்பளம் வந்த மறுநாளே அவள் கண்டுபிடித்தாள். மாவ்ஷி என்பது மராத்தியில் சிற்றன்னையைக் குறிக்கும் சொல். 'கிதி' என்றால் 'எவ்வளவு' என்பதையும், வேறு பல மராத்திச் சொற்களையும் அவள் அந்தச் சமையலறை வாயிலில்தான் கற்றாள்.

8. வரவும் செலவும்

முதல் சம்பளம் வந்த அன்றே அவள் ஒரு குறிப்பேட்டில் தன் மாதத் திட்டத்தை எழுதினாள்.

வாடகை – 9,000
உணவு – 6,000
பயணம் – 600
மின்சாரம், கைப்பேசி – 900
சோப்பு, மருந்து முதலியன – 1,000
நகைக்கடன் – 4,000
அம்மாவுக்கு – 2,000
அவசர நிதி – 1,500
பிற – 1,000
மொத்தம் – 26,000 ரூபாய்

நகைக்கடனையும் அவசர நிதியையும் மாத இறுதியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்று அவள் விடவில்லை. சம்பளம் வந்த நாளிலேயே அவற்றைப் பிரித்து வைத்தாள். கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்க நினைப்பவரிடம் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அந்த 1,500 ரூபாயின் அருமை மழைக்காலத்தில் விளங்கிற்று. மும்பை மழையின் கடுமையை நாடறியும். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அவள் வந்த ஆண்டின் ஜூலையிலும் ஒரு நாள் தண்டவாளங்கள் நீரில் மூழ்கின. முழங்கால் நீரில் நடந்து அறைக்குத் திரும்பியவளுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவச் செலவு 4,300 ரூபாய். ஐந்து மாதங்களில் சேர்ந்திருந்த 7,500 ரூபாயிலிருந்து அதனைக் கொடுத்தாள். அம்மாதத் தவணை தவறவில்லை.

9. குறிப்பேட்டின் ஒரு பக்கம்

டிசம்பர் இறுதியில் பதினோராம் தவணையுடன் அசலும் வட்டியும் தீர்ந்தன. பொங்கலுக்கு அவள் கோவில்பட்டிக்குச் சென்றபோது தாயின் கழுத்தில் சங்கிலி இருந்தது.

அன்று மாலை தாய் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார். மார்ச் முதல் வாரப் பக்கத்தில் அவர் விரல் நின்றது. 'இரவு உணவு' என்பதற்கு எதிரே ஒவ்வொரு நாளும் ஒரே சிறுதொகை எழுதப்பட்டிருந்தது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

"அன்றைக்கெல்லாம் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று சொன்னாயே" என்றார் பின்னர்.

"நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று சொல்லவில்லை, அம்மா."

"கவலைப்படுவேன்தான். அதற்காக எனக்குத் தெரியாமல் பசித்திருக்கலாமா? இனிமேல் உள்ளதைச் சொல்."

அவள் தலையசைத்தாள். திரும்பும்போது அவள் பெட்டியில் பருப்புப்பொடியும், கருவேப்பிலைப் பொடியும், ஊரின் கடலைமிட்டாயும் இருந்தன. வண்டி தாதரை அடைந்ததும் தாய் அழைத்தார். "சாப்பிட்டாயா?" என்றார்.

"இன்னும் இல்லை, அம்மா. பசிக்கிறது. அறைக்குப் போய்ச் சோறு வைத்துப் பொடி போட்டுச் சாப்பிடப் போகிறேன்" என்றாள் மகள்.

பெருநகரில் தனியே வாழத் தொடங்குபவர்க்குக் கணக்கறிவு ஒரு துணை. முன்னே வந்தவரின் சொல் ஒரு துணை. உள்ளதை உள்ளபடி சொல்லத்தக்க ஒருவர் ஊரில் இருப்பது அவற்றினும் பெரிய துணை.

சொல்லும் பொருளும்

ஈடு – கடனுக்குப் பிணையாக வைக்கும் பொருள்
தூர்த்தல் – பள்ளத்தை மண்ணிட்டு நிரப்புதல்
அரண் – பாதுகாப்பு
புகலிடம் – அடைக்கலம் தரும் இடம்
வைப்புத்தொகை – திரும்பப் பெறத்தக்கதாக முன்கூட்டிக் கொடுக்கும் பணம்
பற்றுச்சீட்டு – பணம் பெற்றதற்கு எழுதித் தரும் சீட்டு
தவணை – குறித்த கால எல்லை. பகுதி பகுதியாகச் செலுத்தும் தொகை

இலக்கணக் குறிப்பு

பெருநகர் – பண்புத்தொகை
வரவும் செலவும் – எண்ணும்மை
காணாத வீடு – எதிர்மறைப் பெயரெச்சம்
தயங்கித் தயங்கி – அடுக்குத்தொடர்

மதிப்பீடு

அ. குறுவினா
1. மும்பை நகரம் எந்த ஏழு தீவுகளால் ஆனது?
2. 'சால்' என்பது யாது? அதில் தனியாக வந்த தொழிலாளர்கள் எவ்வாறு இடத்தைப் பங்கிட்டனர்?
3. அண்ணாச்சி கூறிய இரண்டு அறிவுரைகள் யாவை?

ஆ. சிறுவினா
1. 1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சிலருக்கு அரணாகவும் சிலருக்குச் சுவராகவும் அமைந்தது எவ்வாறு?
2. வாடகை குறைந்த டோம்பிவிலியை அப்பெண் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை? கணக்கிட்டுக் காட்டுக.

இ. சிந்தனை வினா
தாய் கவலைப்படுவார் என்று பசியை மறைத்தது சரியா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

கற்பவை கற்றபின்

1. உம் குடும்பத்தில் நீங்கள் வாழும் நகருக்கு முதலில் வந்தவர் யார்? அவர் இறங்கிய நிலையம், தங்கிய இடம், உதவியவர், முதல் மாதச் செலவு ஆகியவற்றை அவரிடமே கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. மாதச் சம்பளம் 26,000 ரூபாய் எனக் கொண்டு, உம் நகரில் தனியே வாழ்பவர்க்கு ஒரு வரவு செலவுத் திட்டம் தயாரிக்க. வாடகை, உணவு ஆகியவற்றின் இன்றைய விலையைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.